எல்லையோரச் சின்னக் கல்லூரியில் எம்.காம்.: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று தமிழ்நாடு–கேரள எல்லையோரப் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் பி.காம். ரிசல்ட் வந்த கையோடு போன் போடுகிறார்கள். நான் பொள்ளாச்சியில் பி.காம். படித்துவிட்டு, எல்லை தாண்டிப் பாலக்காடு மாவட்டத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் எம்.காம். முடித்தவள். இப்போது ஆடிட்டர் ஆபீஸில் வேலை, சாயங்காலம் காஸ்டிங்கும் டாக்ஸும் டியூஷன். போனில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாக்கிலேயே இருக்கின்றன.

ஏனுங்க்கா, எம்.காம்.னா பி.காம்.ல படிச்சதையேதான மறுபடியும் படிக்கறது?

பாடத்தின் பெயரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கார்ப்பரேட் அக்கவுண்டிங், காஸ்ட் அக்கவுண்டிங், இன்கம் டாக்ஸ் எல்லாவற்றுக்கும் முன்னால் ‘அட்வான்ஸ்டு’ என்று ஒரு சொல் சேர்ந்திருக்கும். ஆனால் கேட்கிற கேள்வி வேறு. பி.காமில் ஒரு கம்பெனியின் கணக்கைப் போடச் சொல்வார்கள். இங்கே ஒரு கம்பெனி இன்னொன்றில் பாதிக்கு மேல் பங்கு வைத்திருந்தால் இரண்டின் கணக்கையும் எப்படி ஒன்றாகக் காட்டுவது, லாபத்தில் வெளிப் பங்குதாரருக்கு எவ்வளவு போகும் என்று கேட்பார்கள். 250 கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிகர மதிப்புள்ள கம்பெனிகளும், பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளும் பின்பற்ற வேண்டிய இந்திய கணக்கியல் தரங்கள், அதாவது ‘இந்த் ஏ.எஸ்.’, இங்கேதான் சரியாகப் புரிய ஆரம்பிக்கும்.

கூடவே புள்ளியியல், ஆராய்ச்சி முறை, கடைசியில் ஒரு ப்ராஜெக்ட், வைவா. மொத்தம் 2 வருஷம், 4 செமஸ்டர். கேரளத்தில் 2024-ல் நாலு வருஷ டிகிரி தொடங்கியிருக்கிறது. அதில் நாலாவது வருஷத்தையும் முடித்தவர்களுக்கு முதுகலை 1 வருஷம் போதும் என்பது யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, வகுத்த திட்டம். மூன்று வருஷத்தோடு வெளியே வந்தவர்களுக்கு 2 வருஷம்தான்.

முடிச்சா என்ன வேலை கெடைக்கும்? ஒளிக்காமச் சொல்லுங்க.

எம்.காம். இருந்தே ஆக வேண்டிய வேலை என்றால் அது வாத்தியார் வேலை: மேல்நிலைப் பள்ளியில் காமர்ஸ் ஆசிரியர், கல்லூரியில் உதவிப் பேராசிரியர். இரண்டுக்கும் எம்.காமுக்கு மேல் இன்னும் ஏதாவது வேண்டும், அது பின்னால் வருகிறது. வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வு, பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் அக்கவுண்ட்ஸ் பிரிவு, ஆடிட்டர் ஆபீஸ், இவற்றுக்கெல்லாம் பி.காமே போதும்.

எங்கள் ஆபீஸுக்கு வேலை கேட்டு வருகிறவர்களிடம் முதலில் கேட்பது ‘டேலியில் (கணக்கு எழுதுகிற சாஃப்ட்வேர்) எண்ட்ரி போடுவியா, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டிருக்கியா, எக்செல் வருமா’ என்பதுதான். எம்.காம். இருக்கிறதா என்பது நாலாவது கேள்வியாகக்கூட வராது. அதனால் சும்மா வீட்டில் இருப்பதற்குப் பதில் படிக்கலாம் என்று சேர்ந்தால், இரண்டு வருஷம் கழித்து அதே இடத்தில்தான் நிற்பீர்கள். எந்தக் கதவு திறக்க இந்த டிகிரி வேண்டும் என்று தெரிந்து சேர்ந்தால் கதை வேறு.

எம்.காம். சி.ஏ.ன்னு போர்டுல போட்டிருக்காங்க. அத முடிச்சாப் புள்ள ஆடிட்டர் ஆயிருமுங்களா?

ஆக முடியாதுங்க. அந்த சி.ஏ. கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். ஆடிட்டர் ஆகிற சி.ஏ.வுக்கும் கல்லூரிக்கும் சம்பந்தமில்லை. 1949-லிருந்து இருக்கிற இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் நடத்துகிற தேர்வு, பயிற்சி எல்லாம் முடிக்க வேண்டும். இந்தக் குழப்பத்தை வைத்து அட்மிஷன் பிடிக்கிற இடங்களும் உண்டு, கேட்டுக்கொண்டு சேருங்கள்.

பொதுவாக ஒன்று. ஆசிரியர் வேலைதான் நோக்கம் என்றால், வால் எதுவும் இல்லாத வெறும் எம்.காம். நல்லது. பெயரோடு இன்னொரு பெயர் ஒட்டிய டிகிரிக்கு, ‘இது எம்.காமுக்கு இணை’ என்ற அரசாணை இருக்கிறதா என்று சர்டிபிகேட் சரிபார்க்கும் நாளில் கேட்பார்கள். அன்றைக்குப் போய்த் தேடுவது பெரிய அவஸ்தை.

சின்னக் காலேஜ்ல படிச்சா மதிப்பு இருக்குமா?

டிகிரி கொடுப்பது பல்கலைக்கழகம். பாலக்காடு மாவட்டத்துக் கல்லூரிகள் 1968-ல் தொடங்கிய காலிகட் பல்கலைக்கழகத்தோடும், பொள்ளாச்சிப் பக்கம் உள்ளவை 1982-ல் தொடங்கிய பாரதியார் பல்கலைக்கழகத்தோடும் இணைந்தவை. தன்னாட்சி பெறாத, அதாவது தானே பரீட்சை நடத்தாத கல்லூரி என்றால், பெரிய கல்லூரிப் பிள்ளை எழுதுகிற அதே கேள்வித்தாளைத்தான் நீங்களும் எழுதுவீர்கள். சர்டிபிகேட்டில் பெரிதாகத் தெரிவது பல்கலைக்கழகத்தின் பெயர்.

இழப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். கேம்பஸ் இன்டர்வியூ என்று ஒன்று நடக்காது. லைப்ரரியில் புதுப் பதிப்பு இருக்காது. கருத்தரங்கு என்றால் வேறு ஊருக்குப் பஸ் ஏற வேண்டும். ஆனால் வகுப்பில் இருப்பதே கொஞ்சம் பேர். கன்சாலிடேஷன் கணக்கில் (இரண்டு கம்பெனிக் கணக்கை ஒன்றாக்குவது) எந்த வரியில் தடுக்கினீர்கள் என்று மிஸ் நோட்டைப் பார்த்தே கண்டுபிடிப்பார். கடைசி பெஞ்சில் ஒளிய முடியாது. பி.காமில் தடுமாறியவர்கள் இங்கே தேறியதை நிறையப் பார்த்திருக்கிறேன். காரணம் இதுதான்.

சேரும் முன் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். காமர்ஸ் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், அதில் நெட் (கல்லூரி ஆசிரியருக்கான தகுதித் தேர்வு) தேறியவர் எத்தனை பேர், போன பேட்சில் எத்தனை பேர் அரியர் இல்லாமல் முடித்தார்கள் என்று சீனியரிடம் கேளுங்கள். ஆபீஸில் கேட்டால் பிராஸ்பெக்டஸைத்தான் நீட்டுவார்கள்.

கேரளாவா, தமிழ்நாடா? எந்தப் பக்கம் சேரட்டும்?

அதிகம் வருகிற கேள்வி இது. பதில் ஆளுக்கு ஆள் மாறும். முதலில் பார்க்க வேண்டியது இட ஒதுக்கீடு. உங்கள் சாதிச் சான்று எந்த மாநிலத்தில் வாங்கியதோ, அந்த மாநிலத்தில்தான் அது செல்லும். தமிழ்நாட்டில் 69 சதவீத ஒதுக்கீட்டில் இடம் பெறக்கூடிய பிள்ளை, எல்லை தாண்டிச் சித்தூரில் விண்ணப்பித்தால் பொதுப் பட்டியலில்தான் நிற்க வேண்டும். அங்கிருந்து இங்கே வந்தாலும் அதே கதைதான். சொந்த பந்தம் இரண்டு பக்கமும் இருக்கும், ஆனால் ரேஷன் கார்டு ஒரு பக்கம்தானே இருக்கும். அந்தப் பக்கமே முதலில் முயற்சி செய்யுங்கள்.

விண்ணப்பிக்கிற வழியும் வேறு. காலிகட்டில் பி.ஜி. கேப் என்ற ஒற்றைச் சாளர முறை: ஒரே விண்ணப்பம், கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும், அலாட்மென்ட் வரும். வரிசையை யோசித்துப் போடுங்கள். மேலே போட்ட கல்லூரி கிடைத்துவிட்டால் கீழே உள்ளதைக் கேட்க முடியாது. தமிழ்நாட்டில் அரசு கலைக் கல்லூரிகளுக்கு டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. தளம், தனியார், உதவி பெறும் கல்லூரிகளுக்கு அந்தந்தக் கல்லூரியில் நேராக.

அடுத்தது பஸ். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாட்டு பாஸும் செல்லாது, டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இருக்கிற இலவசப் பயணமும் இல்லை. அந்தப் பக்கம் கேரளத்து மாணவர் கன்செஷன் கார்டு தனியாக வாங்க வேண்டும். லீவு விஷயம்: ஓணத்துக்கு நீண்ட விடுமுறை வரும், தீபாவளிக்கு ஒரு நாள்தான். பொங்கலுக்குப் பாலக்காடு உட்பட எல்லையோர மாவட்டங்களுக்குக் கேரள அரசு உள்ளூர் விடுமுறை விடுகிறது. மாட்டுப் பொங்கலுக்கு நீங்களாகத்தான் லீவு போட வேண்டும்.

எனக்கு மலையாளம் எழுதவே வராது. சமாளிக்க முடியுமா?

எம்.காமில் மலையாளத்துக்குத் தாளே கிடையாது. பாடமும் பரீட்சையும் ஆங்கிலம். வகுப்பில் விளக்கும்போது மலையாளம் வரும், சித்தூர் தாலுகாவில் நிறையப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் என்பதால் பக்கத்தில் இருக்கிற பிள்ளை காதில் சொல்லிவிடும். ஒரு செமஸ்டரில் பழகிவிடும். நோட்டீஸ் போர்டில் மலையாளத்தில் ஒட்டினால் மட்டும் போட்டோ எடுத்து யாரிடமாவது கேளுங்கள், பரீட்சைப் பீஸ் கட்டுகிற கடைசி நாள் அதில்தான் இருக்கும்.

உண்மையில் இடறுவது ஆங்கிலத்தில்தான். கணக்குத் தாளில் நன்றாக எடுக்கிற தமிழ்வழிப் பிள்ளைகள் தியரித் தாளில் மார்க்கை விடுகிறார்கள். மனப்பாடம் இரண்டு பக்கத்துக்கு மேல் தாங்காது. வாரம் ஒரு கேள்விக்குச் சொந்தமாக ஒரு பக்கம் எழுதி மிஸ்ஸிடம் காட்டுங்கள். சின்ன வகுப்பு என்பதால் திருத்தித் தருவார்கள்.

டிகிரி ஒரு ஸ்டேட்ல, பி.ஜி. இன்னொரு ஸ்டேட்ல. என்னென்ன பேப்பர் வேணும்?

டி.சி., மார்க் ஷீட்கள், ப்ரொவிஷனல், இவற்றோடு பழைய பல்கலைக்கழகத்தின் மைக்ரேஷன் சர்டிபிகேட். உங்கள் பி.காம். இங்கே ஏற்கப்பட்டது என்பதற்குப் புதுப் பல்கலைக்கழகம் தருகிற எலிஜிபிலிட்டி அல்லது ஈக்விவலன்சி சான்று கேரளத்தில் கேட்பார்கள். மைக்ரேஷனுக்கு ரிசல்ட் வந்த அன்றே விண்ணப்பியுங்கள், அட்மிஷன் தேதிக்கு முந்தின வாரம் அலைய வேண்டாம்.

புதுமைப்பெண் ஆயிரம் ரூபா எம்.காமுக்கும் வருமா?

வராது. அது அரசுப் பள்ளியில் படித்து முதல் டிகிரி, டிப்ளமோ, ஐ.டி.ஐ. சேர்கிறவர்களுக்கான திட்டம். பி.காம். முடிந்ததோடு நின்றுவிடும். தம்பிமார்களுக்கு வருகிற தமிழ்ப் புதல்வனும் அப்படியே. முதுகலைக்கு அந்தந்தச் சமூகத்துக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைப் பாருங்கள். கேரளத்து ஆட்களுக்கு அது இ-கிராண்ட்ஸ் தளம் வழியாக.

அண்ணனோட பழைய புக்கெல்லாம் இருக்கு. புதுசு வாங்கணுமா?

காஸ்டிங், புள்ளியியல், மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங் பழையதே போதும், காசை மிச்சம் பிடியுங்கள். இன்கம் டாக்ஸ் புத்தகத்தை மட்டும் தொடாதீர்கள். 1961-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக வருமான வரிச் சட்டம் 2025 வந்து, 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. 819 பிரிவு இருந்தது 536 ஆகிவிட்டது. நாம் உருப்போட்ட பிரிவு எண்களெல்லாம் இடம் மாறிவிட்டன. ‘முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு’ என்று முதல் பாடத்திலேயே தலை சுற்ற வைத்த இரண்டும் போய், ‘வரி ஆண்டு’ என்று ஒன்றே ஒன்று. அதற்காகவாவது புதுச் சட்டத்துக்கு நன்றி சொல்லலாம். உங்கள் சிலபஸ் எந்தச் சட்டத்தைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆபீஸ் வேலையில் கொஞ்ச காலத்துக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும், பழைய வருஷக் கணக்குகள் பழைய சட்டப்படிதான் நடக்கும்.

வேலைக்குப் போயிட்டே படிக்கலாமுங்களா?

ரெகுலரில் 75 சதவீத அட்டெண்டன்ஸ் வேண்டும், முழுநேர வேலை ஒத்து வராது. ஆனால் சாயங்காலமும் சனிக்கிழமையும் ஆடிட்டர் ஆபீஸில் உட்காரலாம். நான் எல்லாரிடமும் வற்புறுத்துவது இதைத்தான். சின்னக் கல்லூரி மத்தியானம் மூன்றரை, நாலு மணிக்கு விட்டுவிடும். அந்த மிச்ச நேரம்தான் இங்கே படிப்பதன் பெரிய லாபம். சம்பளம் பஸ் செலவுக்குத் தேறினாலே அதிகம். ஆனால் மாதம் 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20-ஆம் தேதி 3-பி என்று இந்த ரிட்டர்ன்களைப் போட்டே ஒரு வருஷம் ஓடினால், இன்டர்வியூவில் நான் மேலே சொன்ன மூன்று கேள்விக்கும் பதில் கையில் இருக்கும். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. உங்கள் இன்டர்னல் பரீட்சைத் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முழுநேர வேலையை விட முடியாதவர்கள் இக்னோ போன்ற தொலைநிலைப் படிப்புக்குப் போகலாம். யு.ஜி.சி.யின் தொலைநிலைப் பிரிவு அந்த வருஷத்துக்கு, அந்தப் படிப்புக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்பது ஒன்றைப் பாருங்கள். அனுமதி இருந்தால் அந்த டிகிரி ரெகுலருக்குச் சமம் என்று யு.ஜி.சி.யே சொல்லியிருக்கிறது.

ப்ராஜெக்ட்டுக்கு என்ன டாபிக் எடுக்கறது?

‘வியாபாரிகளிடையே ஜி.எஸ்.டி. விழிப்புணர்வு, ஓர் ஆய்வு’ என்று மட்டும் எடுக்காதீர்கள். நூறு பேரிடம் படிவம் நிரப்பி, நாலு வட்ட வரைபடம் போட்டு, ஜெராக்ஸ் கடையில் பைண்டிங் செய்து, வைவாவுக்கு வருகிறவர் படித்துப் படித்துச் சலித்த தலைப்பு அது.

எல்லையில் இருக்கிறோம், டாபிக் காலடியில் கிடக்கிறது. ஒரு கொப்பரை வியாபாரிக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் கோபாலபுரத்தில் ஒரு குடோன், கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு குடோன் என்று வையுங்கள். ஆள் ஒருவர், பான் நம்பர் ஒன்று. ஆனால் ஜி.எஸ்.டி. பதிவு மாநிலத்துக்கு ஒன்று, சட்டத்தின் கண்ணுக்கு அவர் இரண்டு ஆள். தன் சரக்கைத் தன் குடோனுக்கே அனுப்பினாலும் அது விற்பனை மாதிரி. பில் போட்டு ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் தாண்டுகிற சரக்குக்கான வரி) கட்ட வேண்டும், சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில் என்ற ஆன்லைன் சரக்குச் சீட்டு வேண்டும். கட்டிய வரியை அந்தப் பக்கத்துக் குடோன் உள்ளீட்டு வரவாக, அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம். அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். எத்தனை நாள் முடங்குகிறது, அதற்கு வட்டி என்ன ஆகிறது, 2017 ஜூலைக்கு முன்னால் வாளையார் செக்போஸ்ட்டில் லாரி காத்துக்கிடந்த செலவோடு ஒப்பிட்டால் இது மேலா? நாலைந்து வியாபாரிகளின் கணக்குப் புத்தகத்தை ஒழுங்காகப் பார்த்தால் போதும், நல்ல ப்ராஜெக்ட் ஆகிவிடும். ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்கிறவருக்கு அந்தப் புத்தகங்கள் எட்டுகிற தூரத்தில் இருக்கும்; வியாபாரியின் அனுமதி வாங்கி, பெயரை மறைத்து எழுதுங்கள்.

பி.காம்.ல 52 பர்சென்ட்தான்க்கா. எல்லாம் போச்சா?

போகவில்லை. எம்.காம். உண்மையிலேயே உதவுகிற இடம் இது. சி.ஏ.வில் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இரண்டாம் கட்டமான இன்டர் சேர, காமர்ஸில் இளநிலை அல்லது முதுநிலையில் 55 சதவீதம் வேண்டும். பி.காமில் வராதது எம்.காமில் வந்தால் வழி திறக்கும். ரிசர்வ் வங்கி கிரேடு பி அதிகாரி வேலையில் பொதுப் பிரிவுக்கும் டிகிரியில் 60 அல்லது முதுகலையில் 55. பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்குத் தளர்வு உண்டு. சி.எம்.ஏ. (காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பு) இன்டருக்கு டிகிரி முடித்திருந்தாலே போதும், சதவீதக் கணக்கு இல்லை.

எம்.காம். படித்ததால் சி.ஏ. தேர்வில் எந்தத் தாளுக்காவது விலக்கு கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள். கிடைக்காது. சி.ஏ.தான் குறி, பி.காமில் 55-ம் இருக்கிறது என்றால், எம்.காமில் இரண்டு வருஷத்தைச் செலவழிக்காதீர்கள்; நேராக இன்டருக்குப் பதிவு செய்யுங்கள். ஆடிட்டரிடம் பெறுகிற கட்டாயப் பயிற்சியான ஆர்டிகிள்ஷிப்பும் இப்போது மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது.

நெட்டு, செட்டு எல்லாம் ஒண்ணுதான?

எல்லையோரத்தில் ஆளைக் கவிழ்க்கிற கேள்வி. நெட் என்பது கல்லூரி உதவிப் பேராசிரியருக்கு, இந்தியா முழுக்க. தமிழ்நாட்டு செட்டும் கல்லூரிக்குத்தான், ஆனால் மாநிலத்துக்குள். கேரளத்தில் செட் என்றால் மேல்நிலைப் பள்ளி ஆசிரியருக்கான தகுதித் தேர்வு. கேரளத்து செட் தேறிவிட்டுப் பொள்ளாச்சிக் கல்லூரியில் விண்ணப்பம் போட்டால் எடுபடாது.

நெட்டில் காமர்ஸுக்குக் குறியீடு 08. எம்.காமில் 55 சதவீதம் வேண்டும், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. முதல் தாள் 50 கேள்வி, இரண்டாவது 100, சேர்த்து 3 மணி நேரம், தப்புக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். ஒன்றையும் விடாமல் குறியுங்கள். முதல் தாளில் ஆராய்ச்சி முறையும் தரவு விளக்கமும் வருகிறது, எம்.காம் பாடமே அதில் பாதி உதவும். கடைசி செமஸ்டரிலேயே எழுதலாம். 2024 ஜூனிலிருந்து அதே மதிப்பெண்ணை பி.எச்டி. சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள்.

எம்.பில். போட்டா சீக்கிரம் லெக்சரர் ஆயிடலாம்னு எங்க மாமா சொல்றாரு.

மாமா காலத்தில் சரி. யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைக்குப் பிறகு எம்.பில். படிப்பே கிடையாது. யாராவது அட்மிஷன் என்று கூப்பிட்டால் போகாதீர்கள்.

பாலக்காட்டுல எம்.காம். படிச்சிட்டுத் தமிழ்நாட்டுல வாத்தியாராப் போக முடியுமா?

டிகிரியில் தடை இல்லை. அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆக எம்.காமோடு பி.எட்.டும் வேண்டும், ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு எழுத வேண்டும். அதில் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள் இருக்கிறது. 40 சதவீதம் எடுக்காவிட்டால் காமர்ஸ் தாளைத் திருத்தவே மாட்டார்கள். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் படித்த சித்தூர்ப் பிள்ளைகள் இதில்தான் தவறுகிறார்கள். பேசத் தெரிவது போதாது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை இப்போதிருந்தே புரட்டுங்கள்.

முடிச்சதும் சொந்தமா ஜி.எஸ்.டி. ஆபீஸ் போடலாமா?

ஜி.எஸ்.டி. விதி 83-இன்படி காமர்ஸ் பட்டதாரி ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதிவு செய்துகொள்ளலாம். கவனியுங்கள், பி.காமே போதும். ரிட்டர்ன் போடலாம், பதிவு வாங்கித் தரலாம். ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட முடியாது, அது சி.ஏ.வின் வேலை. முன்னால் சொன்ன இரண்டு குடோன் மாதிரி ஆட்கள் இந்தப் பக்கம் நிறைய. இரண்டு மாநிலப் பதிவையும் ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்தவருக்கு வேலை தேடி வரும். ஒரு வருஷமாவது யாரிடமாவது உட்கார்ந்து பழகிவிட்டுப் போர்டு மாட்டுங்கள். அபராதம் விழுந்தால் கட்டுவது வியாபாரி, பெயர் கெடுவது உங்களுக்கு.

முதல் வருஷம் முடியறதுக்குள்ள கல்யாணம் வெச்சுட்டாங்க. பாதில நின்னா எல்லாம் வீணா?

வீணாகாது. எழுதித் தேறிய செமஸ்டர் மார்க் உங்களுடையது. பல்கலைக்கழகம் வைத்திருக்கிற கால வரம்புக்குள் வந்தால், விட்ட செமஸ்டரிலிருந்து ரீ-அட்மிஷனில் தொடரலாம். அட்டெண்டன்ஸ் சரியாக வைத்து ஹால் டிக்கெட் வாங்கியவர்கள் பரீட்சையை மட்டுமாவது எழுதிவிடுங்கள். தவறினாலும் அது அரியர்தான், வகுப்புக்குத் திரும்ப வராமலே பிறகு எழுதலாம். பரீட்சையே எழுதாமல், அட்டெண்டன்ஸும் இல்லாமல் விட்டால்தான் அந்த செமஸ்டரை முழுசாகத் திரும்பப் படிக்க வேண்டி வரும்.

நின்றுவிடப் போகிறோம் என்ற அவசரத்தில் டி.சி.யை மட்டும் வாங்கிவிடாதீர்கள். வீட்டில் யாராவது ‘சர்டிபிகேட்டெல்லாம் வாங்கிட்டு வந்துரு’ என்று சொல்வார்கள். டி.சி. வாங்கினால் கல்லூரி ரெஜிஸ்டரில் உங்கள் பெயர் அடிக்கப்பட்டுவிடும், திரும்பச் சேர்வது இரட்டை வேலை. நிற்கிறேன், திரும்ப வருவேன் என்று பிரின்சிபாலுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, அதன் நகலில் ஆபீஸ் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.